எண்ணுவதற்கு முன்பே காணாமல்போன வாக்குகள்

காந்தல் முக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் ஞாயிறு மாலைகளில் கூடுகிறோம். கல்லூரி மாணவர்கள், அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்கள், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள், மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வரும் தம்பிகள் இரண்டு பேர். ஒரு பழைய மடிக்கணினி, ஆளுக்கொரு கைபேசி, ஃபிளாஸ்க்கில் தேநீர். தேர்தல் ஆணையம் பொதுவில் வைத்திருக்கும் முடிவுகளை இறக்கி, எக்செல்லில் போட்டுப் படிப்பதுதான் எங்கள் வகுப்பு.

ஒரு நாள் 2014 நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளை எடுத்து, நோட்டா வாக்குகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கச் சொன்னோம். அடுக்கிய தம்பி திரையைப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "அக்கா, இந்தியாவுலயே நம்ம ஊருதான்க்கா ஃபர்ஸ்ட்டு!"

உண்மைதான். நீலகிரித் தொகுதியில் நோட்டாவுக்கு விழுந்தவை 46,559 வாக்குகள். எண்ணிக்கையில் 543 தொகுதிகளிலும் அதுதான் முதலிடம். நாடு முழுக்க நோட்டாவின் பங்கு 1.1 சதவீதம், இங்கே ஏறத்தாழ 5 சதவீதம். அ.தி.மு.க., தி.மு.க.வுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் நின்றது நோட்டா. காங்கிரஸ் அதற்கும் கீழே.

உடனே அறையில் மூன்று கட்சி உருவானது. "மெஷின்ல ஏதோ பண்ணியிருக்காங்க" என்றது ஒன்று. "ஜனங்க வெறுத்துப்போயி போட்டிருக்காங்க" என்றது இன்னொன்று. "தனித்தொகுதி இல்ல? நம்மாளுக்குப் போட மனசில்லாம நோட்டாவுக்குப் போட்டுட்டாங்க" என்றது மூன்றாவது. மூன்றுமே நம்பும்படியாக இருந்தன. மூன்றுக்கும் ஆதாரம் இல்லை.

ஒரு எண் வழக்கத்துக்கு மாறாக நின்றால் அதை என்ன செய்வது? நம் பிள்ளைகள் இன்று வாட்ஸ்அப்பில் தினமும் இந்தக் கேள்வியைத்தான் எதிர்கொள்கிறார்கள். "ஓட்டுத் திருட்டு" என்று பகிர்ந்துவிட்டுப் போவது சுலபம். "எல்லாம் கட்டுக்கதை" என்று ஒதுக்குவதும் சுலபம். ஆனால் தலித் அரசியல் வரலாற்றில் இந்தக் கேள்வி புதியது இல்லை. கணினி வருவதற்கு முன்பே, முதல் பொதுத்தேர்தலிலேயே, இதைக் கையில் எண்களோடு கேட்டவர் ஒருவர் இருக்கிறார்.

74,333: அண்ணல் கேட்ட கணக்கு

1952 தேர்தலில் அம்பேத்கர் பம்பாய் வடக்குத் தொகுதியில் போட்டியிட்டார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது இடம், பட்டியல் சாதியினருக்கு ஓர் இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் வேறு வேறு வேட்பாளர்களுக்குப் போட வேண்டும். ஒரே ஆளுக்குப் போட்டால் ஒன்று செல்லாது. அம்பேத்கரின் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு சோசலிஸ்ட் கட்சியோடு உடன்பாடு வைத்திருந்தது. பொது இடத்துக்கு அசோக் மேத்தா, தனி இடத்துக்கு அம்பேத்கர்.

அம்பேத்கர் 1,23,576 வாக்குகள் பெற்றார். காங்கிரஸ் வேட்பாளர் நாராயண் கஜ்ரோல்கர் 1,38,137. வித்தியாசம் 14,561. அரசியல் சட்டத்தை வரைந்தவர் தோற்றார் என்பதோடு பாடப்புத்தகம் நின்றுவிடும். அம்பேத்கர் அதோடு நிற்கவில்லை. அவரும் அசோக் மேத்தாவும் சேர்ந்து தேர்தல் முடிவை எதிர்த்து மனு போட்டார்கள். அந்த மனுவின் மையத்தில் இருந்தது ஓர் எண்: செல்லாதவை என்று தள்ளப்பட்ட 74,333 வாக்குகள்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெற்றி வித்தியாசம் 14,561. எண்ணாமல் விடப்பட்டவை அதைப்போல ஐந்து மடங்கு. இரண்டாவது வாக்கை வேண்டுமென்றே வீணாக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது என்பது மனுவின் குற்றச்சாட்டு. பொது இடத்துக்குப் போட்டியிட்ட கம்யூனிஸ்ட் தலைவர் எஸ்.ஏ. டாங்கேவின் தரப்பை நோக்கி அது நீண்டது. மனு வெற்றிபெறவில்லை. ஆனால் அந்த முறையின் ஓட்டையை அந்த எண் காட்டிக்கொடுத்தது. தலித் வேட்பாளருக்கு வாக்களிக்க விரும்பாத ஒருவர் யாரையும் தாக்க வேண்டியதில்லை, பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை; தன் இரண்டாவது வாக்கைச் செல்லாததாக்கினால் போதும்.

1954-ல் பண்டாரா இடைத்தேர்தலிலும் அதே இரட்டை உறுப்பினர் முறைதான். அங்கே ஆதரவாளர்கள் சிலர், "நாமும் இரண்டாவது வாக்கை வீணாக்கலாமே" என்று கேட்டதாகவும், அரசியல் சட்டத்தை எழுதிய தானே மக்களிடம் வாக்கை வீணாக்கச் சொல்ல முடியாது என்று அண்ணல் மறுத்ததாகவும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தேர்தலிலும் அவர் தோற்றார். இரட்டை உறுப்பினர் தொகுதிகள் 1961-ல் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டன.

இதிலிருந்து எங்கள் வகுப்பு முதல் விதியை எடுத்துக்கொண்டது. ஒரு முரண் எண்ணைக் கண்டால் முதலில் அதை வெற்றி வித்தியாசத்தோடு ஒப்பிட வேண்டும். 2016-ல் காட்டுமன்னார்கோயிலில் எழுச்சித்தமிழர் திருமாவளவன் தோற்றது வெறும் 87 வாக்கில். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு சாவடியின் கூட்டல் பிழைகூட முடிவையே மாற்றிவிடும். வித்தியாசம் இரண்டு லட்சமாக இருக்கும் தொகுதியில் அதே பிழை நிர்வாகக் கோளாறு. அதைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆட்சியைத் திருடிவிட்டார்கள் என்று கூவ முடியாது.

ஏழு இடங்கள், பிறகு பூஜ்ஜியம்

இரண்டாவது பாடம் நம் மலையிலேயே இருக்கிறது. கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் "சிலோன்காரங்க" என்று அழைக்கப்படும் தாயகம் திரும்பிய குடும்பங்கள். அவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு தங்கையின் பாட்டி ஒருநாள் சொன்னார்: "எங்கப்பா அங்க ஓட்டு போட்டாராம்மா. நான் வயசுக்கு வந்தப்ப எனக்கு ஓட்டு இல்ல. ராமானுஜம் கப்பல் ஏறி, மண்டபம் கேம்புல கெடந்து, இந்த மலைக்கு வந்து ரேஷன் கார்டு வாங்கினப்புறந்தான் மொத ஓட்டு."

இதைத் தேர்தல் முடிவுகளில் பார்க்க முடியுமா? முடியும். இலங்கையில் 1947 நாடாளுமன்றத் தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. நுவரெலியாவில் வென்றவர் தொண்டமான். அடுத்த தேர்தல் 1952-ல். அதே தோட்டங்கள், அதே லயங்கள், அதே மக்கள். கிடைத்த இடங்கள்: பூஜ்ஜியம்.

முடிவுகளை மட்டும் பார்க்கும் கணினி, "ஒரு கட்சியின் செல்வாக்கு சரிந்தது" என்று சொல்லிவிடும். நடந்தது வேறு. 1948-ன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது; 1949-ல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். 1952 வாக்கு எண்ணிக்கையில் ஒரு வாக்குக்கூடத் தவறாக எண்ணப்படாமல் இருந்திருக்கலாம். திருட்டு அதற்கு மூன்று வருடம் முன்பே முடிந்துவிட்டது.

இன்னொரு வஞ்சமும் உண்டு. தொகுதிகளைப் பிரித்தபோது மக்கள்தொகையைக் கணக்கில் எடுத்தார்கள். அந்தத் தலைக்கணக்கில் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. வாக்காளர் பட்டியலில் மட்டும் இல்லை. ஆக, இவர்கள் தலையைக் காட்டி வாங்கிய இடங்களுக்கு வேறு யாரோ வாக்களித்தார்கள். அமெரிக்காவில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு மனிதர்களாகக் கணக்கிட்டு, தென் மாநில எஜமானர்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்தார்களே, அதே தந்திரம்தான். கணக்கில் ஆள் உண்டு, வாக்கில் ஆள் இல்லை.

1964 அக்டோபரில் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்தப் பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. வாக்கு இல்லாதவரிடம் எந்த அரசு கேட்கும்?

இது எங்கள் இரண்டாவது விதி. முடிவுப் பட்டியலைத் தொடுவதற்கு முன் வாக்காளர் பட்டியலைத் தொடு. எத்தனை வாக்கு விழுந்தது என்பதைவிட, எத்தனை பேருக்குப் போடும் உரிமை இருந்தது என்பது முந்தைய கேள்வி.

மறுபடி 46,559

இப்போது நீலகிரிக்கு வருவோம். நோட்டாவுக்கு முதலிடம் ஏன்?

உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தந்த தீர்ப்பால் நோட்டா வந்தது. 2014 தான் அதற்கு முதல் நாடாளுமன்றத் தேர்தல். ஆக, முந்தைய தேர்தலோடு ஒப்பிட வழியில்லை; பிந்தையவற்றோடுதான் ஒப்பிட வேண்டும். நீலகிரி 2009-லிருந்து தனித்தொகுதி. 2019-லும் 2024-லும் தனித்தொகுதிதான். சாதி வெறுப்பு மட்டுமே காரணம் என்றால் அந்த வருடங்களிலும் நோட்டா உயர்ந்தே இருந்திருக்க வேண்டும். 2019-ல் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மூன்றாவது கட்சியின் வாதம் இங்கே பலவீனப்படுகிறது.

2014-ல் மட்டும் இருந்தது என்ன? வேட்பாளர் பட்டியலைப் பார்த்தால் தெரிகிறது. நீலகிரியில் பா.ஜ.க. வேட்பாளரே இல்லை. கட்சியின் அங்கீகாரப் படிவம் உரிய நேரத்தில் வராததால் அவர் வேட்புமனு தள்ளுபடியாகிவிட்டது. மோடி அலை என்று நாடே பேசிய வருடம். 1998-லும் 1999-லும் மாஸ்டர் மாதன் பா.ஜ.க. சார்பில் வென்ற தொகுதி. அந்தக் கட்சிக்குப் போட நினைத்து வந்தவர்களுக்கு இயந்திரத்தில் பொத்தானே இல்லை. இதோடு, தி.மு.க. வேட்பாளர் ஆ. ராசா மீது அப்போது 2ஜி வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் 2017 டிசம்பரில் விடுதலையானார் என்பது பிந்தைய கதை. 2014-ல் அ.தி.மு.க.வின் கோபாலகிருஷ்ணன் 1,04,940 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 46,559 அந்த வித்தியாசத்தில் பாதிகூட இல்லை. முடிவு மாறியிருக்காது.

பிறகு இந்தூரில் 2024-ல் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகியபோது நோட்டாவுக்கு 2,18,674 வாக்குகள் விழுந்ததைப் பார்த்தோம். ஒரு பெரிய கட்சிக்குப் பொத்தான் இல்லாமல் போனால் நோட்டா வீங்கும். நீலகிரியில் நடந்ததற்கும் இதுவே பெரிய காரணமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு.

"அப்ப சாதி காரணமே இல்லையாக்கா?" என்று அந்தத் தம்பி விடவில்லை. நல்ல கேள்வி. இந்தத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். உதகை, குன்னூர், கூடலூர் மலையில். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் கீழே. மொத்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்ல முடியாது. அதற்குப் படிவம் 20 வேண்டும். சாவடிவாரியாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த வாக்கு அதில் இருக்கிறது. ஊர்ச்சாவடிக்கும் காலனிச் சாவடிக்கும் நோட்டா எப்படி மாறுகிறது என்று பார்த்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். அந்த வேலையை அவனிடமே கொடுத்திருக்கிறோம்.

முடிவே இல்லாத முடிவுகள்

சில முரண்கள் எண்ணாகவே வராது. காலிக் கட்டமாக வரும்.

1996-ல் தமிழ்நாட்டில் புதிய ஊராட்சிச் சட்டப்படி உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அந்தப் பதவிகளில் தலித் ஒருவர் உட்கார்ந்து வேலை பார்க்க முடியவில்லை. தேர்தல் அறிவிக்கப்படும், வேட்புமனு வராது. வந்தால், ஊர்ப் பெரிய சாதியினர் நிறுத்திய ஆள் ஜெயித்துப் பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். மறுபடி தேர்தல். மறுபடி அதே கதை.

ஏட்டில் இது எப்படிப் பதிவாகும்? "வேட்புமனு இல்லை." "ராஜினாமா." "பதவி காலி." மூன்றும் சட்டப்படி சரியான சொற்கள். ஒரு வன்முறையும் அதில் தெரியாது. ஆனால் இதே மூன்று சொற்கள் ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று அடுக்கிப் பார்த்தால், தீண்டாமையின் வரைபடம் அப்படியே எழுந்து நிற்கும். 2006 அக்டோபரில்தான், மதுரை ஆட்சியராக உதயச்சந்திரன் இருந்தபோது, இயக்கங்களின் நெடும் போராட்டத்துக்குப் பின் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். நவம்பரில் அன்றைய முதல்வர் கருணாநிதி சென்னையில் சமத்துவப் பெருவிழா நடத்தினார்.

மேலூருக்கு அருகில் மேலவளவு மக்கள் அஞ்சாமல் போட்டியிட்டு வென்றார்கள். தலைவரான முருகேசனும் உடனிருந்தவர்களுமாக ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தத் தேர்தல் முடிவுத்தாளில் இந்த ரத்தம் இல்லை.

எங்கள் மூன்றாவது விதி: போட்டியின்றித் தேர்வு, ராஜினாமா, காலி ஆகியவற்றையும் தரவாக எண்ணு. பதவியை ஏலம் விட்ட ஊரிலும் ஏட்டில் வருவது "போட்டியின்றித் தேர்வு" என்பதுதான்.

தரவு யார் கையில்

2019 தேர்தல் முடிந்த சில நாட்களில் "தி குவிண்ட்" இணைய இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. முதல் நான்கு கட்டங்களில் தேர்தல் நடந்த 373 தொகுதிகளில், ஆணையத்தின் தளத்தில் இருந்த பதிவான வாக்குக்கும் எண்ணப்பட்ட வாக்குக்கும் இடையே பொருந்தாமை. பதிவானதைவிட அதிகம் எண்ணப்பட்டதில் முன்னணியில் இருந்தவற்றில் மூன்று நம் மாநிலத் தொகுதிகள். காஞ்சிபுரத்தில் 18,331, தருமபுரியில் 17,871, ஸ்ரீபெரும்புதூரில் 14,512. தளத்தில் இருந்தவை தற்காலிக எண்கள், அதனால் வந்த வேறுபாடு என்றது ஆணையம்.

முதல் விதியைப் போட்டுப் பாருங்கள். காஞ்சிபுரத்தில் வெற்றி வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கும் மேல். 18,331 அந்த முடிவை மாற்றாது. ஆனாலும் விளக்கம் கேட்பது நம் உரிமை. கூட்டல் ஒத்துவராத கணக்கைச் சங்கக் கூட்டத்தில்கூட நாம் ஏற்பதில்லை. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் இதற்காக உச்ச நீதிமன்றம் போனது. 2024 தேர்தலின் நடுவே, சாவடிவாரி வாக்குப்பதிவுக் கணக்கான படிவம் 17சி-யை உடனே வெளியிடச் சொல்லி அவர்கள் கேட்டபோது, மே 24 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தர மறுத்துவிட்டது. அடுத்த நாளே ஆணையம் அதுவரை முடிந்த ஐந்து கட்டங்களின் பதிவு எண்ணிக்கையைத் தொகுதிவாரியாக வெளியிட்டது. கேட்டால்தான் வருகிறது என்பதற்கு இது சாட்சி.

அதே வருடம் டிசம்பரில் ஒன்றிய அரசு தேர்தல் நடத்தை விதி 93-ஐத் திருத்தி, கண்காணிப்புக் கேமராப் பதிவு போன்றவற்றைப் பொதுமக்கள் பார்க்கும் வழியைச் சுருக்கியது. வாக்காளர் பட்டியலோ படமாகத்தான் கிடைக்கிறது. ஒரு பெயரைத் தட்டித் தேட முடியாது. தேடக்கூடிய வடிவில் தரச் சொல்லி 2018-ல் கமல்நாத் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் 65 லட்சம் பெயர்கள் வரைவிலிருந்து விடுபட்டபோது, 2025 ஆகஸ்ட் 14 அன்று அதே நீதிமன்றம், அந்தப் பெயர்களைக் காரணத்தோடு தேடக்கூடிய வடிவில் வெளியிடச் சொன்னது. கதவு ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் தட்டித்தான் ஆக வேண்டும்.

கணக்கு சொல்வதும் சொல்லாததும்

ரஷ்யாவில் செர்கேய் ஷ்பில்கின் என்ற இயற்பியலாளர் சாவடிவாரித் தரவை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்தார். வாக்குப்பதிவு சதவீதம் உயர உயர, ஆளும் தரப்பின் பங்கு மட்டும் அதோடு ஏறுகிறதா என்று பார்த்தார். 70, 75, 80 என்று முழு எண் சதவீதங்களில் மட்டும் சாவடிகள் குவிந்து நின்றன. வரைபடத்தில் அது ரம்பப் பல் போலத் தெரிந்ததால், அன்றைய தேர்தல் ஆணையர் சுரோவின் பெயரால் "சுரோவ் ரம்பம்" என்றே அழைத்தார்கள். மக்கள் முழு எண் பார்த்து வாக்களிப்பதில்லை. மேலதிகாரிக்குக் கணக்குக் காட்டுகிறவர்தான் முழு எண்ணை விரும்புவார்.

நம் நாட்டில் அசோகா பல்கலைக்கழகத்தின் சப்யசாச்சி தாஸ் 2023-ல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். மிக நெருக்கமான போட்டிகளில் வெற்றி தோல்வி நாணயம் சுண்டுவதைப்போல இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழ வேண்டும்; 2019-ல் அவை பா.ஜ.க. பக்கமே அளவுக்கு மீறி விழுந்திருக்கின்றன என்பது அவர் கண்டது. அந்த அறிக்கை கடும் விவாதத்துக்கு உள்ளானது. அவர் ஆகஸ்டில் வேலையை விட்டு விலகினார். அவர் எழுதியது ஆய்வறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. அதற்கு எதிர் ஆய்வால் பதில் சொல்வதே முறை.

எல்லாச் சூத்திரமும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துக் கற்க வேண்டும். எண்களின் முதல் இலக்கம் 1 ஆக இருப்பதுதான் அதிகம் என்று சொல்லும் பென்ஃபோர்ட் விதியை வைத்து, 2020 அமெரிக்கத் தேர்தலில் மோசடி என்று பலர் கூவினார்கள். ஒவ்வொரு சாவடியிலும் ஏறத்தாழ ஒரே அளவு வாக்காளர்கள் இருந்தால் அந்த விதி இயல்பாகவே பொருந்தாது. சாவடிகளை அளவாகப் பிரிக்கும் நம் நாட்டுக்கும் இது பொருந்தும்.

எங்கள் சொந்தத் தவறையும் சொல்கிறோம். ஒரு தோட்டச் சாவடியில் வாக்குப்பதிவு முந்தைய தேர்தலைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. பெயர்களை நீக்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டி மனு எழுதத் தொடங்கிவிட்டோம். பிறகுதான் நேரில் போனோம். சாவடியை ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்றியிருந்தார்கள். ஜீப்பில் போக வேண்டும், அல்லது யானை இறங்கும் வழியில் நடக்க வேண்டும். வயதான பெண்கள் போகவில்லை. பெயர்கள் பட்டியலில் பத்திரமாக இருந்தன. மனுவைக் கிழித்துவிட்டு, சாவடியைப் பழைய இடத்துக்கு மாற்றச் சொல்லி வேறு மனு எழுதினோம். எண் எங்களை அந்த லயத்துக்கு அழைத்துப் போனது. காரணத்தைச் சொன்னவர்கள் அங்கே இருந்த அம்மாக்கள்.

இரண்டு பக்கமும் கூரான கத்தி

திறந்த தரவைக் கொண்டாடும் நண்பர்கள் பேசாமல் விடும் ஒன்று உண்டு. படிவம் 20-ஐ நாம் மட்டும் படிப்பதில்லை. ஊர்த் தலைவரும் படிக்கிறார், ஒப்பந்தக்காரரும் படிக்கிறார். காலனிக்குத் தனிச் சாவடி என்றால், காலனி யாருக்குப் போட்டது என்று அடுத்த நாளே தெரிந்துவிடும். தண்ணீர்க் குழாய், வேலை, கடன் எல்லாவற்றிலும் அதன் விலை தெரியும். 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளிலேயே அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் வீடுகள் உடைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்தத் தொகுதியில் திருமாவளவன் 3,219 வாக்கில் வென்றார்.

காகிதச் சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்தபின் அந்தப் பாதுகாப்பு போனது. பல இயந்திரங்களின் வாக்கை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் "டோட்டலைசர்" கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-ல் அதை ஆதரித்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை.

சாவடிவாரித் தரவு இருந்தால்தான் மோசடியைப் பிடிக்க முடியும். அதே தரவு காலனியைக் காட்டிக்கொடுக்கும். இரண்டும் உண்மை. இதில் எது முக்கியம் என்று எங்கள் வகுப்பில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஓர் ஒழுங்கை மட்டும் வைத்திருக்கிறோம்: நாங்கள் வெளியிடும் எந்த வரைபடத்திலும் காலனியின் பெயரையோ சாவடி எண்ணையோ போடுவதில்லை.

இப்போது செய்ய வேண்டியது

2025 டிசம்பரில் வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் 66 லட்சத்துக்கும் மேல் "இடம்பெயர்ந்தோர்" என்ற கணக்கில். தோட்டத்தில் கூலி கட்டுப்படியாகாமல் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்த் தீபாவளிக்குத் திரும்பி வருகிற நம் பிள்ளைகளை எந்தக் கட்டத்தில் எழுதினார்கள்? 2002, 2005 பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று கேட்டபோது, கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள் எதைத் தேடினார்கள்? இறந்தவர் பெயரை நீக்குவது சரி. இருப்பவர் பெயர் அதோடு போயிருந்தால், 1949-ல் மலையகத்தில் செய்ததன் சிறு நகல் அது. எது என்று வீடு வீடாகப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

தோழர்களே, உங்களால் செய்யக்கூடியவை நான்கு. உங்கள் தெருவின் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் அருகருகே வைத்து, விடுபட்ட ஒவ்வொரு பெயரின் வீட்டுக்கும் போங்கள். சாவடி முகவராக உட்காருங்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் படிவம் 17சி-யின் நகலைக் கேட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள், அதைத் தர வேண்டும் என்பது விதி. எண்ணிக்கை முடிந்து படிவம் 20 வந்ததும் இரண்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால், அது வெற்றி வித்தியாசத்தில் எத்தனை பங்கு என்று எழுதி, எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

சிலோன் பாட்டி போன தேர்தலுக்கு வந்த பூத் சிலிப்பை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். எதுக்குப் பாட்டி என்று பேத்தி கேட்டதற்கு, "பேரு இருந்துச்சுன்னு காட்டணும்ல" என்றாராம். அந்தச் சிலிப்பைப் படம் பிடித்து எங்கள் கோப்பில் முதலாவதாகச் சேர்த்திருக்கிறோம்.

ஜெய்பீம்.